வேலியில் கட்டிய ரிப்பன்கள்: குருக்களின் பாலியல் வன்முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் பல்லாரட் என்ற ஊர் இருக்கிறது. 1851இல் தங்கம் கிடைத்ததும் பெருத்த ஊர். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் சிலர் புனித அலிப்பியுஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளியின் வேலியில் வண்ண வண்ண ரிப்பன்களைக் கட்டத் தொடங்கினார்கள். சிறுவயதில் அங்கே குருவாலும் அருட்சகோதரர்களாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் "உங்களை நம்புகிறோம்" என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது. 'லவுட் ஃபென்ஸ்', அதாவது சத்தம் போடும் வேலி என்று அதற்குப் பெயர் வந்தது.

ஞாயிறு பூசை தவறாத வீட்டில் வளர்ந்தவள் நான். இந்தப் பேச்சு எழுந்ததும் நம் வீடுகளில் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள் என்பதை அறிவேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பல்லாரட்டை நடுவில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வாசிக்கும்போது மனம் கனத்தால் மூடிவைத்துவிட்டுப் பிறகு வாருங்கள். உதவி எண்கள் கடைசிக்கு முந்தைய பதிலில் இருக்கின்றன.

பல்லாரட்டில் நடந்தது என்ன?

1970களின் தொடக்கத்தில் புனித அலிப்பியுஸ் ஆண்கள் பள்ளியில் கிறிஸ்தவ சகோதரர் சபை என்ற துறவற சபையைச் சேர்ந்தவர்கள் பாடம் நடத்தினார்கள். அவர்களில் மூவர் பிற்காலத்தில் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நான்காமவர் மீதும் புகார்கள் இருந்தன, ஆனால் வழக்கு வரும் முன்பே அவர் இறந்துவிட்டார். பக்கத்துப் பங்கு இல்லத்தில் (பங்கு என்பது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) தங்கி, பள்ளிக்கு ஆன்ம குருவாக வந்து போனவர் ஜெரால்ட் ரிட்ஸ்டேல். வகுப்பறையில் நடந்ததை ஒரு சிறுவன் சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தால், அந்தச் சாமியார் அவர்தான்.

ரிட்ஸ்டேல் 1961இல் குருப்பட்டம் பெற்றவர். மில்டுரா, ஸ்வான் ஹில், வார்னம்பூல், பல்லாரட் ஈஸ்ட், அப்பல்லோ பே, இங்கிள்வுட், ஈடன்ஹோப், மோர்ட்லேக் என்று அவரை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1971 முதல் 1997 வரை பல்லாரட் ஆயராக, அதாவது அந்தப் பகுதியின் பங்குகளெல்லாம் அடங்கிய மறைமாவட்டத்தின் தலைவராக (பிஷப்) இருந்தவர் ரொனால்ட் மல்கர்ன்ஸ். ரிட்ஸ்டேலின் குற்றம் 1975ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆயருக்குத் தெரிந்துவிட்டது என்று பின்னாளில் விசாரித்த ராயல் ஆணையம் முடிவுசெய்தது. தெரிந்த பிறகும் புதிய பங்குகள் கொடுக்கப்பட்டன. மோர்ட்லேக்கில் பங்கு இல்லத்திலேயே ஒரு சிறுவன் அவருடன் தங்கவைக்கப்பட்டான். அவனுடைய தாய் ஆயரிடம் முறையிட்டும் பயனில்லை. 1982இல் மறைமாவட்ட ஆலோசகர் குழு கூடியபோது, அவரை அந்தப் பங்கிலிருந்து மாற்றுவது அவசியமாகிவிட்டது என்ற அளவில் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். ஏன் அவசியம் என்பது எழுதப்படவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

ரிட்ஸ்டேல் முதன்முதலாகத் தண்டனை பெற்றது 1993இல். அதன் பிறகு வழக்குமேல் வழக்காக வந்து, 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் தொடர்பான குற்றங்கள் உறுதியாயின. 2025 பிப்ரவரியில் தன் 90ஆம் வயதில், தண்டனைக் காலத்திலேயே இறந்தார். ஆஸ்திரேலிய அரசு அமைத்த ராயல் ஆணையம் 2013 முதல் 2017 வரை நாடெங்கும் விசாரித்தது. 8,000க்கும் மேற்பட்டவர்கள் தனி அமர்வுகளில் ஆணையர்களிடம் நேரில் பேசினார்கள். 2017 டிசம்பர் 15 அன்று 17 தொகுதிகள் கொண்ட அறிக்கையும் 409 பரிந்துரைகளும் வெளியாயின. பல்லாரட் மறைமாவட்டத் தலைமை படுமோசமாகத் தவறியதென்றும், அதனால் குழந்தைகளும் குடும்பங்களும் ஊரும் சேர்ந்தே பாதிக்கப்பட்டதென்றும் ஆணையம் எழுதியது.

'பாதிக்கப்பட்டவர்' என்று சொல்வதா, 'மீண்டவர்' என்று சொல்வதா?

அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி. சிலருக்கு 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல் தன்னைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றும். வேறு சிலர், "நான் இன்னும் மீளவில்லை, அந்தச் சொல்லை என்மேல் ஏற்றாதீர்கள்" என்பார்கள். உயிரோடு இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஆணையம் இரண்டு சொற்களையும் சேர்த்தே பயன்படுத்தியது. 'கெட்டுப்போனவர்', 'கற்பிழந்தவர்' போன்ற சொற்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குற்றம் செய்தவனின் அழுக்கை எடுத்துக் குழந்தையின்மேல் பூசுகிற சொற்கள் அவை.

எல்லாப் பாலியல் வன்முறையும் கொடுமைதானே, குரு செய்வது எந்த விதத்தில் வேறு?

ஒரு குழந்தை குருவை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் கத்தோலிக்க வீடுகளில் அவரைச் 'சாமி' என்றே கூப்பிடுகிறோம். கடவுளும் சாமி, குருவும் சாமி. சிறு பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல். அவர் வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்கிறார், பாட்டி சிலுவை போட்டுக்கொண்டு முன்னால் மண்டியிடுகிறாள். அப்பத்தை நற்கருணையாக்கும் கைகள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அதே கைகள் தவறு செய்யும்போது, "சாமி செய்தால் தவறாக இருக்க முடியாது, அப்படியென்றால் தவறு என்னிடம்தான்" என்றுதான் அந்தப் பிள்ளை முடிவுசெய்கிறது.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளை மிரட்டிய தலைமுறைகள் நாம். இந்தக் குழந்தைக்கு உண்மையைச் சொல்லவும் அதே பயம்தான். குற்றவாளிகள் பலர் இந்தப் பயத்தையே கருவியாக்கினார்கள். இது கடவுளின் விருப்பம் என்றார்கள், வெளியே சொன்னால் பாவம் என்றார்கள், சிலர் பாவசங்கீர்த்தனத்தின் (குருவிடம் தனியே பாவத்தைச் சொல்லும் சடங்கின்) மறைவையே இதற்குப் பயன்படுத்தினார்கள்.

வேறொருவரால் துன்பப்பட்ட குழந்தைக்கு ஓடிப்போய் அழ ஒரு கோயிலாவது மிஞ்சும். இந்தக் குழந்தைக்கு அதுவும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கோயிலுக்குள் போய், பீடத்தில் நிற்கும் அதே ஆளுக்கு முன்னால் நாக்கை நீட்டி நற்கருணை வாங்க வேண்டும். வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில்.

உண்மையாக இருந்தால் அப்போதே ஏன் சொல்லவில்லை?

தனி அமர்வுகளில் பேசியவர்கள் நடந்ததை முதன்முதலாக வாய்திறந்து சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள் என்று ஆணையம் கணக்கிட்டது. பத்து வயதில் நடந்தது முப்பத்துநான்கு வயதில் வெளியே வருகிறது. ஆண்களுக்கு இன்னும் கூடுதல் காலம் பிடித்தது.

அப்போதே சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்த்தால் மற்றவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது விளங்கும். "சாமியாரைப் பற்றி அபாண்டம் சொல்கிறாயா" என்று வீட்டில் அடி. பள்ளியில் பொய்யன் என்ற பெயர். ஆயர் இல்லத்தில் தேநீரும் ஆறுதலும், அடுத்த மாதம் அந்தக் குருவுக்கு வேறொரு பங்கு. ஒரு பிள்ளை சொல்லி ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பத்துப் பிள்ளைகள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நடந்ததற்குப் பெயரே தெரியாத வயது அது. அந்தச் சொற்களை நாம்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோம். உடம்பின் பாகங்களின் பெயரைச் சொன்னாலே வாயில் அடிக்கிற வீட்டில், இதை எந்தச் சொல்லை எடுத்துச் சொல்வது? பிறகு வளர்ந்து, திருமணமாகி, தனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் அதே வயதுக்கு வந்து நிற்கும்போது பழையதெல்லாம் கிளம்பி வருகிறது. நீண்ட காலம் கழித்துச் சொன்னார் என்பது ஒருவரைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

இது அவர்களின் வாழ்க்கையில் என்னவெல்லாம் செய்கிறது?

பாதிப்புகளைப் பற்றிப் பேசியவர்களில் 94.9 சதவீதம் பேர் மனநலப் பாதிப்பைச் சொன்னதாக ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, கெட்ட கனவு, மதுவுக்கும் போதைக்கும் அடிமையாவது. மூன்றில் இரண்டு பங்கினர் உறவுகள் கைகூடாமல் போனதைச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பும் பிழைப்பும் கெட்டதைச் சொன்னார்கள். கடைசியில் சொன்னதை நாம் கவனிப்பதே இல்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று ஏழாம் வகுப்பில் தேறாமல் போனால் "திமிர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவன் நாற்பது வயதில் வேலை நிலைக்காமல் அலைவதும் அந்த ஏழாம் வகுப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருக்கலாம்.

சின்னச் சின்ன விஷயங்களில் இது அன்றாடம் தலைகாட்டும். சாம்பிராணி வாசனை வந்தால் வயிற்றைப் பிரட்டும். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாது. பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னால் உடல் நடுங்கும். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டத் தயங்கும் அப்பாக்கள் உண்டு. தொட்டால் தன் கையும் தவறான கையாகிவிடுமோ என்ற அச்சம்.

தற்கொலை பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். விக்டோரியாவில் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் பதிவான 2,759 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மற்றவர்களைவிட அவர்களுக்குத் தற்கொலை ஆபத்து 18 மடங்கும், போதை மருந்து அளவு மீறி இறக்கும் ஆபத்து 49 மடங்கும் இருந்ததாகக் கண்டது. அதே ஆய்வில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கும் ஒருவருக்கு அது தேவைப்படலாம்.

அவர்களுடைய விசுவாசம் என்னவாகிறது?

ஒரே மாதிரி இல்லை. சிலர் கோயில் பக்கமே திரும்புவதில்லை. சிலர் வேறு சபைக்குப் போகிறார்கள். சிலர் கடவுளை வைத்துக்கொண்டு குருக்களை விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் எல்லாம் தெரிந்தும் அதே பூசைக்கு, கடைசி வரிசையில் வாசலுக்கு அருகே உட்காருகிறார்கள். இவர்களில் யாரையும் "விசுவாசம் குறைந்தவர்" என்று அளக்க நமக்கு உரிமை இல்லை.

பலர் சொல்லும் ஒன்று என்னை மிகவும் வதைத்தது. வயதான தாயின் அடக்கத் திருப்பலிக்குக்கூட உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், சாவு என்று ஒரு குடும்பத்தின் எல்லா நாள்களும் கோயிலில்தான் நடக்கின்றன. கோயிலை இழந்தவர் குடும்பத்தின் பாதியையும் இழக்கிறார்.

"செபியுங்கள், சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். சிறுவனாக அவர் செபித்துப் பார்த்தவர்.

குடும்பத்தாருக்கு?

தாய்மார்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். சாமியாரைச் சாப்பிட அழைத்தவள் அவள். பிள்ளையைப் பீடப் பணிக்கு (பூசையில் குருவுக்கு உதவ) அனுப்பியவளும், "சாமியாரோடு போய் வா" என்று தலை சீவிவிட்டவளும் அவளே. உண்மை தெரிந்த பின் ஒரு தாய் தன்னை விசாரிக்கும் விசாரணைக்கு எந்த ஆணையமும் ஈடாகாது. ஏமாற்றப்பட்டவள் அவளும்தான் என்பதை யாராவது அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். குற்றவாளிகள் பிள்ளையைப் பிடிப்பதற்கு முன் பெற்றோரின் நம்பிக்கையைப் பிடிக்கிறார்கள். விதவையின் வீடு, குடிகாரத் தந்தையின் வீடு, நோயாளி இருக்கும் வீடு என்று பார்த்து உதவிக்கரத்தோடு நுழைகிறார்கள்.

மனைவிக்குக் காரணம் தெரியாத கோபமும் விலகலும் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தும் எட்டாத ஓர் அப்பா. உடன்பிறந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிவார்கள். நம்பியவர் ஒரு பக்கம், "செத்துப்போன சாமியாரை ஏன் இழுக்கிறாய்" என்பவர் மறுபக்கம்.

பங்கு மக்களுக்கு, ஊருக்கு என்ன ஆகிறது?

ஊர் உடைகிறது. உடைத்தவர் யார் என்பதில்தான் ஊர் மறுபடி தவறு செய்கிறது. "நம் கோயிலின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற பழி, பேச முன்வந்தவர்கள்மேல் விழுகிறது. குற்றத்தைச் செய்தவரும் மறைத்தவரும் கெடுத்த பெயர் அது. ஒரு சின்ன ஊரில் இதன் கனத்தை எண்ணிப் பாருங்கள். கடையில், காற்பந்துத் திடலில், பள்ளி வாசலில் அதே முகங்கள். சாட்சி சொன்னவரைக் கண்டு பேச்சை நிறுத்துபவர்கள். அந்தக் குருவிடம் திருமணம் செய்துகொண்டவர்களின் ஆல்பத்திலும் அதே ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுடைய நல்ல நினைவும் அழுகிப்போகிறது. அந்த வேதனையும் பொய் இல்லை.

2016 தொடக்கத்தில் பல்லாரட்டிலிருந்து மீண்டவர்களும் ஆதரவாளர்களும் ரோமுக்கே போனார்கள். பல்லாரட்டில் பிறந்து, அங்கே குருவாக இருந்து, பிறகு வத்திக்கானில் உயர்பதவிக்குப் போன கர்தினால் ஜார்ஜ் பெல், உடல்நிலை காரணமாக ரோமிலிருந்தே காணொளி வழியாக ஆணையத்துக்குச் சாட்சியம் அளித்தார். அவர் பேசுவதை ஒரே அறையில் இருந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அத்தனை தூரம் பயணம். (பெல் மீதே பின்னர் தொடரப்பட்ட வழக்கில் 2018இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மிக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் ஏகமனதாக விடுவித்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.) 2023 பிப்ரவரியில் சிட்னி பேராலயத்தில் அவருடைய அடக்கச் சடங்கு நடந்தபோது வேலியில் ரிப்பன் கட்டினார்கள். அவை அகற்றப்பட்டன, மறுபடி கட்டினார்கள். ஒரு முழத் துணிக்காக இவ்வளவு போராட்டம் நடக்கிறது என்றால், அது எதைச் சொல்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் வேறு விதமான உடைவு. 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2003இல் 552 பேருக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர உயர்மறைமாவட்டம் ஒப்புக்கொண்டது. மறுஆண்டு பங்குகள் பல மூடப்பட்டன. வருகை குறைந்ததும் குருக்கள் பற்றாக்குறையும் காரணங்கள் என்று சொல்லப்பட்டது. ஆனால் தங்கள் கோயிலைப் பூட்டக் கேட்ட மக்களுக்கு அது தண்டனையாகவே பட்டது. சிச்சுவேட் என்ற கடலோர ஊரின் கோயிலில் மக்கள் மாறி மாறி இரவு பகலாகத் தங்கி, 2016 வரை 11 ஆண்டுகளுக்கு மேல் காவல் இருந்தார்கள். தாங்கள் செய்யாத குற்றத்துக்குத் தங்கள் கோயிலை ஏன் இழக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

மக்கள் விலகுவதும் கணக்கில் தெரிகிறது. ஆஸ்திரேலியக் குடிமதிப்பில் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 2011இல் 25.3 சதவீதம், 2021இல் 20 சதவீதம். அயர்லாந்தில் 2011இல் 84, 2022இல் 69. இதற்கெல்லாம் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பீடப் பணிக்கு அனுப்பத் தயங்கும் ஒரு தாயின் தயக்கத்தை எந்தக் குடிமதிப்பும் எண்ணுவதில்லை.

எல்லாக் குருக்களும் அப்படியா?

இல்லை. ஆஸ்திரேலியாவில் 1950 முதல் 2010 வரை பணியாற்றிய கத்தோலிக்கக் குருக்களில் 7 சதவீதம் பேர்மீது குற்றச்சாட்டு இருந்ததாக ஆணையம் சொன்னது. அமெரிக்காவில் 1950 முதல் 2002 வரையிலான காலத்துக்கு 2004இல் வந்த ஆய்வு 4,392 குருக்களை, சுமார் 4 சதவீதத்தைக் குறித்தது. மிச்சமுள்ளவர்களில் உண்மையான ஊழியர்கள் ஏராளம். பேருந்தில் அங்கியோடு உட்காரவே கூசுகிற நல்ல குருக்களும் உண்டு. அவர்களுக்கும் இதில் அநியாயம் நடந்திருக்கிறது. ஆனால் ஒருவர் தன் காயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாரும் அப்படி இல்லை" என்று தொடங்காதீர்கள். அவர் எல்லாரையும் பற்றிப் பேச வரவில்லை.

மணமாகாத வாழ்வுதான் காரணமா?

அது மட்டும் காரணம் என்றால் மணமான ஆண்கள் குழந்தைகளைத் தொட்டிருக்கக் கூடாது. பெரும்பாலான வன்முறை வீட்டுக்குள், உறவினராலேயே நடக்கிறது. கட்டாயத் துறவறம் நேரடிக் காரணம் அல்ல என்றும், வேறு சிலவற்றோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டுகிறது என்றும் ஆணையம் சொல்லி, அதை விருப்பத்துக்கு விடுவதைப் பரிசீலிக்கும்படி பரிந்துரைத்தது. என் மனத்துக்குப் படும் பெரிய காரணம், குருவைக் கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் நாம் தூக்கி வைத்ததுதான்.

இது கத்தோலிக்கர்களின் சிக்கல் மட்டும்தானே? நமக்கென்ன?

திருச்சிக்கு அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவை மறந்துவிட முடியுமா? இலங்கையின் மாத்தளையில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஆதரவற்ற பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்கு வந்து ஆசிரமம் அமைத்தார். 1994இல் அங்கிருந்து தப்பிய பெண்கள் வாய்திறந்தார்கள். 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றம், 13 பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்ததற்கும் ஒரு கொலைக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2011இல் இறந்தார். போரில் எல்லாம் இழந்து, உணவு, படுக்கை, படிப்பு, கடவுள் ஆகிய நான்கையும் ஒரே ஆளின் கையிலிருந்து பெற வேண்டிய நிலையில் இருந்த பிள்ளைகள் அவர்கள். தண்டனைக்குப் பிறகும் அவரைக் குற்றமற்றவர் என்று நம்பிய பக்தர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். பல்லாரட்டின் பூசைக் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

குரு மாற்றம் கடல் தாண்டியும் நடக்கும். உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் 2004இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றப் போனார். அங்கே பதின்வயதுப் பெண்கள் இருவர் புகார் கொடுத்தார்கள். அவர் இந்தியா திரும்பிவிட்டார். 2012இல் தமிழ்நாட்டில் கைதாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015இல் ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். திரும்பி வந்தபின் 2016இல் அவர்மீதான பணியிடைநீக்கம் விலக்கப்பட்டது. மினசோட்டாவில் அந்தச் செய்தியைப் படித்த பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நம் மறைமாவட்டங்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்தால் குரு போலீசில் சொல்லலாமா?

திருச்சபைச் சட்டப்படி எக்காரணத்துக்காகவும் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் போலீசில் சொல்லும் கடமையிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு விலக்கு இருக்கக் கூடாது என்று ராயல் ஆணையம் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலிய ஆயர்கள் 2018இல் அதை ஏற்க மறுத்தார்கள். விக்டோரியா 2019 செப்டம்பரில் சட்டமே கொண்டுவந்தது. சொல்லாமல் இருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. இந்த இரகசியத்தின் புனிதத்தை மதித்து வளர்ந்தவள் நான், இருந்தும் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். பல்லாரட்டில் பெரும்பாலான தகவல்கள் பாவசங்கீர்த்தனத்தில் வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தாய்மார் நேரில் வந்து, சாதாரண அறையில், சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவை. அவற்றைச் சொல்ல எந்த இரகசிய முத்திரையும் தடையாக இருக்கவில்லை.

பணத்துக்காகத்தான் பழைய கதையைக் கிளறுகிறார்கள் என்கிறார்களே?

அந்தப் பணத்தை வாங்க அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பாருங்கள். 2007இல் சிட்னியில் முன்னாள் பீடச் சிறுவர் ஒருவர் தொடுத்த வழக்கில், வழக்குத் தொடுக்கத் தக்க சட்ட வடிவமே திருச்சபைக்கு இல்லை என்ற வாதம் வென்றது. நாடெங்கும் பள்ளியும் மருத்துவமனையும் நிலமும் இருக்கின்றன, குற்றக்கூண்டில் நிறுத்த மட்டும் ஆள் இல்லை. விக்டோரியா 2018இல் சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசிய இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. உச்சவரம்பு 1,50,000 ஆஸ்திரேலிய டாலர்.

2024 நவம்பரில் மறுபடி ஓர் அடி. 1971இல் ஐந்து வயதில் துன்புறுத்தப்பட்ட ஒருவர் பல்லாரட் மறைமாவட்டத்தின்மீது தொடுத்த வழக்கில், குரு மறைமாவட்டத்தின் ஊழியர் அல்லர், ஆகவே அவர் செய்த குற்றத்துக்கு அது மறைமுகப் பொறுப்பாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் எனக்குப் புரிகிறது. ஊர் ஊராக மாற்றி அனுப்பியது யார் என்ற கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

பணம் பெற்ற பலர் அதில் முதலில் செலவழிப்பது மனநல சிகிச்சைக்கு. அதைவிட அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு. "நடந்தது உண்மை, நீ சொன்னபோது நாங்கள் மறைத்தோம்" என்று எழுத்தில், கையொப்பத்தோடு ஒரு கடிதம்.

மன்னிக்க வேண்டாமா? இயேசு மன்னிக்கச் சொன்னாரே.

குழந்தைகளுக்கு இடறலாய் இருப்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னவரும் அவரே. மன்னிப்பு அவரவர் மனத்துக்குள், அவரவர் நேரத்தில் வருவது. வராமலும் இருக்கலாம். அதைக் காயப்பட்டவரிடம் கடனைப்போலக் கேட்கிறவர்கள், குற்றவாளியிடம் மனமாற்றத்தை அதே வேகத்தோடு கேட்டதை நான் பார்த்ததில்லை. மன்னித்த பின்னும் போலீசில் புகார் கொடுக்கலாம். ஒன்றுக்கொன்று தடை இல்லை.

யாராவது என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வது?

உட்காருங்கள். கேளுங்கள். "உன்னை நம்புகிறேன், இது உன் தவறு இல்லை" என்று சொல்லுங்கள். ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்ற கேள்விகளை விழுங்கிவிடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களால் முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய் விசாரிக்க வேண்டாம். அவருக்கு எச்சரிக்கை கொடுத்ததாகிவிடும்.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குருவுக்கோ ஆயருக்கோ தனி விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. சமய நிறுவனத்தைச் சேர்ந்தவர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தையிடம் செய்தால் அது மேலும் கடுமையான குற்றம். முதலில் ஆயர் இல்லத்துக்கா, காவல் நிலையத்துக்கா என்று கேட்பவர்களுக்கு என் பதில் காவல் நிலையம்.

இந்தியாவில் குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல உதவிக்கு 14416. இலங்கையில் குழந்தைகளுக்கு 1929, மனநலத்துக்கு 1926. ஆஸ்திரேலியாவில் 1800 737 732.

அதே பங்கில் இன்னும் இருக்கிறேன். திங்கட்கிழமை காலை நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. பங்குப் பேரவையில் ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் சம்பந்தமான புகார் வந்தால் யாரிடம் கொடுப்பது, அந்தப் பெயரும் தொலைபேசி எண்ணும் கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஒட்டும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். பீடச் சிறார் பயிற்சியும் மறைக்கல்வியும் சன்னல் திறந்த, ஆள் நடமாடும் அறையில் நடக்கட்டும். தண்டிக்கப்பட்ட ஒருவரின் படம் இன்னும் மண்டபச் சுவரில் மாலையோடு தொங்கினால் இறக்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு வருவதை நிறுத்திய குடும்பம் ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் ஒரு மாலை போய்ப் பாருங்கள். கோயிலுக்கு அழைக்க வேண்டாம். தேநீர் கொடுத்தால் குடியுங்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.